விரிப்புகளைத் திருப்பிக் கேட்டவள்: மாய யதார்த்தம் எழுதும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் சிறுகதையாளர்களுக்கு,

எங்கள் சிறுபத்திரிகைக்கு நீங்கள் அனுப்பும் கதைகளைப் படித்துத் தேர்வு செய்கிறவர்களில் நானும் ஒருவன். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதத்தான் ஆசை. ஆனால் சமீபமாக உங்களில் பலருக்கும் சொல்ல வேண்டியது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. அதனால்தான் இந்தப் பொது மடல்.

தலைப்புக்குக் கீழே ‘மாய யதார்த்தச் சிறுகதை’ என்று நீங்களே குறித்து அனுப்புகிறீர்கள். உள்ளே வேப்பமரம் பேசுகிறது. கிணற்றுக்குள் நிலா விழுந்து கிடக்கிறது. செத்துப்போன ஆச்சி நள்ளிரவில் வாசலில் வந்து நின்று பேரனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். மஞ்சள் பட்டாம்பூச்சிகள் எத்தனையோ கதைகளில் பறந்துவிட்டன. மொழி உங்களுக்கு நன்றாகவே வருகிறது. சில பத்திகளைச் சக ஆசிரியர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் கதையை முடித்துவிட்டு யோசித்தால், அந்த வேப்பமரம் பேசாமலே இருந்திருந்தால் கதைக்கு என்ன குறைந்திருக்கும் என்று தோன்றுகிறது. மரம் பேசியதால் அந்த வீட்டில் யாருக்கும் ஒரு வேளைச் சோறு கூடவோ குறையவோ இல்லை. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நடக்க முடியாத ஒன்று நடந்துவிட்டால் அது மாய யதார்த்தம் என்றால், அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் எல்லாமே மாய யதார்த்தம்தான். வித்தியாசம் அதிசயத்தில் இல்லை. அந்த அதிசயத்தை யார் பார்த்தார்கள், யார் நம்பினார்கள், யார் நம்ப மறுத்தார்கள், மறுத்தவர்கள் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதில் இருக்கிறது. இதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயரைப் பற்றிச் சுருக்கமாக. இது இலக்கியத்துக்கு வந்து சேர்ந்த பெயர், பிறந்தது ஓவியத்தில். 1925இல் ஃபிரான்ஸ் ரோ என்ற ஜெர்மானியக் கலை விமர்சகர், எக்ஸ்பிரஷனிசத்துக்குப் பிறகு வந்த ஓவியர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பில் இதைப் பயன்படுத்தினார். அந்த ஓவியங்களில் மேசையும் தெருவும் ஜன்னலும் மனித முகமும்தான் இருந்தன. அவற்றை மிகத் துல்லியமாக, அசைவற்ற தெளிவோடு தீட்டியிருந்ததால் நாளும் பார்த்த பொருள் புதிதாகத் தெரிந்தது. இரண்டு வருடத்தில் அதன் ஒரு பகுதி மாட்ரிட் இதழொன்றில் ஸ்பானிய மொழியில் வந்தது. 1948இல் வெனிசுவேலாவின் உஸ்லார் பியெத்ரி தம் நாட்டுச் சிறுகதைகளைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். 1955இல் ஆங்கெல் ஃப்ளோரெஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் பிடித்துக்கொண்டன. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: தொடக்கத்திலேயே இது ஒரு மேசையை ஒழுங்காகப் பார்ப்பதைப் பற்றிய பேச்சாக இருந்தது.

இனி மற்ற கதைவகைகள். ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் மிகைப்புனைவுக்குத் தனி உலகம் உண்டு. அதற்கு வரைபடம் உண்டு, சொந்த மொழிகள் உண்டு, சொந்தச் சட்டம் உண்டு. வாசகன் தன் ஊரை விட்டுக் கிளம்பி அங்கே போகிறான். அறிவியல் புனைவு, நடக்காததற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டது. சர்ரியலிசம் கனவிலிருந்தும் நனவிலியிலிருந்தும் எடுக்கிறது. அங்கே விசித்திரம் ஒரு தனிமனிதனின் மண்டைக்குள் ஊறுவது. இவற்றை நீங்கள் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் வருவது பேய்க்கதையிலும் புராணத்திலும்தான்.

பேய்க்கதைக்கு நம்மிடமே ஓர் உயர்ந்த உதாரணம் இருக்கிறது: புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’. வீட்டுக்கு ஒரு பிச்சைக்காரி வேலைக்கு வந்து சேர்கிறாள். இரவில் கதைசொல்லி எதையோ பார்க்கிறான். அவன் பார்த்தது நிஜமா, மனப்பிராந்தியா? கடைசி வரி வரை புதுமைப்பித்தன் முடிவு சொல்வதில்லை. நாமும் இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருக்கிறோம். தோதரோவ் என்ற விமர்சகர் 1970இல் எழுதிய நூலில் இந்தத் தயக்கத்தைத்தான் இவ்வகைக் கதையின் உயிர் என்றார். இயற்கையான விளக்கமா, இயற்கை மீறியதா என்று வாசகன் தடுமாறும் வரை மட்டுமே அது நிற்கும். ‘காஞ்சனை’ அந்தத் தயக்கத்திலேயே முழுமை பெற்ற கதை. மாய யதார்த்தத்தில் இந்தத் தயக்கம் கிடையாது. கதைசொல்லி நடுங்குவதில்லை, குரலைத் தாழ்த்துவதில்லை, “நம்பினால் நம்புங்கள்” என்று சொல்வதும் இல்லை. உங்கள் கதையில் ஆச்சி வாசலில் வந்து நிற்கும்போது நாய் ஊளையிடுகிறது, விளக்கு அணைகிறது, பேரனுக்கு வியர்க்கிறது. அது நல்ல பேய்க்கதையாகலாம். அதைப் பேய்க்கதையாகவே நன்றாக எழுதுங்கள்; அதில் எந்தக் குறைவும் இல்லை.

புராண விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். “இதெல்லாம் நம் புராணத்தில் எப்போதோ இருக்கிறதே, லத்தீன் அமெரிக்காவிலிருந்தா கற்றுக்கொள்ள வேண்டும்?” என்று கூட்டங்களில் யாராவது எழுந்து கேட்பார்கள். கேள்வியில் நியாயமான பெருமை இருக்கிறது. ஆனால் அனுமன் கடலைத் தாண்டும் உலகத்தில் அதை மறுக்கிற அதிகாரி யாரும் இல்லை. கொலம்பிய நாவலாசிரியர் மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நடக்கும் ஊரான மகோந்தோவில் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு ரயில் வருகிறது, தந்தி வருகிறது, வாழைக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை வருகிறார், அரசாங்க அறிக்கை வருகிறது. அதே தெருவில்தான் ஒரு பெண் வானத்துக்குப் போகிறாள். அறிவதற்கான இரண்டு வழிகள் ஒரே தெருவில் முட்டிக்கொள்கின்றன. ஒன்றின் கையில் துப்பாக்கியும் முத்திரையும் இருக்கின்றன, இன்னொன்றின் கையில் பாட்டிகளின் வாய் மட்டும் இருக்கிறது. காலனியாட்சியையும் உள்நாட்டுப் போர்களையும் கம்பெனி முதலாளிகளையும் கண்ட நாடுகளில் இந்த எழுத்து செழித்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலில், எல்லோருக்கும் தெரிந்த அந்த இடத்துக்கு வாருங்கள். அழகி ரெமேதியோஸ் விண்ணேறும் காட்சி. பலர் அதில் பறப்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். பக்கத்தைத் திறந்து மறுபடி பாருங்கள். பெர்னாண்டா தோட்டத்தில் விரிப்புகளை மடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டுப் பெண்களை உதவிக்குக் கூப்பிடுகிறாள். துணியின் ஒரு முனையைப் பிடித்தபடி ரெமேதியோஸ் நிற்கிறாள். காற்று வருகிறது. அவள் மேலே போகிறாள், விரிப்புகளும் அவளோடு போகின்றன. அநேகமாகக் கண் தெரியாத கிழவி உர்சுலாவுக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று அந்தக் கணமே புரிகிறது. மார்க்கேஸ் இதோடு விட்டிருந்தால் அது அழகான படம், அவ்வளவுதான். அவர் மேலும் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறார். பெர்னாண்டா பொறாமையில் வெந்து, கடைசியில் அற்புதத்தை ஒத்துக்கொள்கிறாள். ஆனால் விரிப்புகளையாவது திருப்பிக் கொடு என்று வெகுநாள் கடவுளிடம் மன்றாடிக்கொண்டிருக்கிறாள். வெளியூர்க்காரர்களோ, அந்தப் பெண் யாரோடோ போய்விட்டாள், மானத்தைக் காப்பாற்றக் குடும்பம் கதை கட்டுகிறது என்று நினைக்கிறார்கள்.

பகுத்தறிவு விளக்கம் நாவலுக்குள்ளேயே இருக்கிறது, பார்த்தீர்களா? மார்க்கேஸ் அதை மறைக்கவில்லை. தம் நண்பர் பிளினியோ அபுலேயோ மெந்தோசாவுடன் நடத்திய நீண்ட உரையாடலில், இந்தக் காட்சிக்கு மூலமே அப்படி ஒரு சம்பவம்தான் என்கிறார். பேத்தி விடியற்காலையில் ஓடிப்போனதை மறைக்க ஒரு கிழவி, அவள் வானத்துக்குப் போய்விட்டாள் என்று ஊரில் சொல்லிவந்தாளாம். மார்க்கேஸ் வெளியூர்க்காரர்களின் பக்கம் நிற்காமல் அந்தக் கிழவியின் பக்கம் போய் நின்றார். நின்ற பிறகு அவருக்கு ஒரு சிக்கல்: எவ்வளவு எழுதியும் அந்தப் பெண் தரையை விட்டு எழும்பவே இல்லை. ஒருநாள் பலத்த காற்றில் ஒரு பெண் விரிப்புகளைக் கொடியில் காயப்போடப் போராடுவதைப் பார்த்தார். விரிப்பு கிடைத்ததும் ரெமேதியோஸ் எழும்பிவிட்டாள். அதிசயத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு சலவை வேலை. உங்கள் கதையில் நிலா கிணற்றில் விழுகிறதே, அந்தக் கிணற்றில் மறுநாள் காலை தண்ணீர் இறைக்க வந்தவள் என்ன செய்தாள் என்பதை ஏன் எழுதவில்லை?

அதே நாவலில் பாதிரியார் நிக்கனோர் ஒரு கோப்பை சாக்லேட் பானம் குடித்துவிட்டுத் தரையிலிருந்து எழும்புகிறார். எவ்வளவு உயரம்? 12 சென்டிமீட்டர். கோயில் கட்டப் பணம் வசூலிக்க வேண்டியிருப்பதால்தான் இதைச் செய்து காட்டுகிறார். பத்திரிகைத் தொழில் கற்றுக்கொடுத்த உத்தி இது என்று மார்க்கேஸ் ஒரு பேட்டியில் விளக்கியிருக்கிறார். வானத்தில் யானைகள் பறக்கின்றன என்றால் யாரும் நம்பமாட்டார்கள், 425 யானைகள் என்றால் ஒருவேளை நம்புவார்கள் என்பது அவர் சொன்ன உதாரணம். உத்தியாக மட்டும் இதை எடுத்துக்கொண்டால் எண்களை வாரி இறைக்கத் தோன்றும், உங்களில் சிலர் அதையும் செய்கிறீர்கள். அந்த 12 சென்டிமீட்டருக்குப் பின்னால் ஒரு பாதிரியாரின் கட்டட நிதி இருக்கிறது. எண் அங்கிருந்துதான் வருகிறது.

‘பெரிய சிறகுகளைக் கொண்ட மிகவும் வயதான மனிதர்’ என்ற சிறுகதையைப் பலர் படித்திருப்பீர்கள். 1968இல் எழுதியது. மழை ஓயாத மூன்றாம் நாள். வீடு முழுக்க நண்டுகள். அவற்றைக் கொன்று கடலில் போட்டுவிட்டுத் திரும்பும் பெலாயோ, முற்றத்துச் சேற்றில் முகங்குப்புறக் கிடக்கும் கிழவரைப் பார்க்கிறான். சிறகுகள் அழுக்காக, பாதி உதிர்ந்து, கழுகுச் சிறகுபோல் இருக்கின்றன. அவரைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். பாதிரியார் வந்து லத்தீனில் வணக்கம் சொல்லிப் பார்க்கிறார். கிழவருக்கு லத்தீன் புரியவில்லை என்றதும் சந்தேகப்படுகிறார். பெலாயோவின் மனைவி எலிசெந்தா வேலி போட்டு, பார்க்க வருபவர்களிடம் ஆளுக்கு ஐந்து செந்தாவோ வசூலிக்கிறாள். அந்தப் பணத்தில் மாடி வீடு எழும்புகிறது.

அதில் ஒரு மருத்துவர் வருகிறார். எனக்கு மாய யதார்த்தம் முழுவதும் அந்த மருத்துவரின் ஒரே பத்தியில் அடங்கியிருப்பதாகத் தோன்றும். குழந்தைக்கு அம்மை என்று வந்தவர், ஆசை அடக்க முடியாமல் கிழவரின் மார்பிலும் காதை வைத்துக் கேட்கிறார். இதயத்தில் அவ்வளவு இரைச்சல், சிறுநீரகத்தில் அவ்வளவு ஓசை. இந்த மனிதர் உயிரோடிருப்பதே முடியாத காரியம் என்று நினைக்கிறார். ஆனால் அவரை மிகவும் ஆச்சரியப்படுத்துவது சிறகுகளின் இயல்பு. அந்த உடம்பில் அவை அவ்வளவு பொருத்தமாக இருப்பதைப் பார்த்து, மற்ற மனிதர்களுக்கு ஏன் சிறகு இல்லை என்பதுதான் அவருக்கு விளங்காமல் போகிறது. அறிவியல் படித்தவர் அங்கே தோற்கவில்லை, கேலிக்கும் ஆளாகவில்லை. தன் கருவிகளோடு நேர்மையாக வந்து, கேள்வியைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறார். சிறகுள்ள கிழவரின் வருகை அந்தக் குடும்பத்தின் கஞ்சத்தனத்தை மாற்றவில்லை என்பதையும் பாருங்கள். அவரைக் குணப்படுத்தியவர்களும் யாரும் இல்லை, அவரால் குணமானவர்களும் யாரும் இல்லை. ஓர் ஏழைக் கடலோரக் குடும்பம் தன் முற்றத்தில் விழுந்த ஓர் அந்நியக் கிழவரை எப்படி நடத்தும் என்பதுதான் கதை.

இதுவரை சொன்னது வீட்டுக்குள் நடப்பது. இனி வீட்டுக்கு வெளியே.

கியூபாவின் அலெஹோ கார்பெந்தியர் பாரிஸில் பல வருடம் இருந்தவர், சர்ரியலிஸ்டுகளோடு பழகியவர். 1943இல் ஹெய்திக்குப் போனார். அந்தப் பயணத்திலிருந்து பிறந்தது 1949இல் வெளிவந்த ‘இவ்வுலகின் ராஜ்யம்’. அதன் முன்னுரையில், பாரிஸ் நண்பர்கள் மேசைமேல் தயாரித்துக்கொண்டிருந்த அதிசயம் இந்த மண்ணில் நாள்தோறும் நடப்பதாக இருக்கிறது என்று வாதிட்டார். நாவலின் மையத்தில் மக்காந்தல் என்ற வரலாற்று மனிதன். அடிமைத் தோட்டங்களிலிருந்து தப்பியோடி, விஷம் வைத்து வெள்ளைத் தோட்டக்காரர்களை நடுங்க வைத்தவன். 1758இல் காப் பிரான்சே நகரத்தில் அவனைப் பிடித்துக் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். அடிமைகள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காகவே அவர்களைத் திரட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

கார்பெந்தியரின் நாவலில் அந்தச் சதுக்கத்தில் என்ன நடக்கிறது? கட்டுகள் அவிழ்கின்றன, மக்காந்தலின் உடல் காற்றில் எழும்பித் தலைகளுக்கு மேலே பறக்கிறது, தப்பிவிட்டான் என்று கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த அமளியில் பத்துச் சிப்பாய்கள் அவனைப் பிடித்து மறுபடி நெருப்பில் தலைகீழாகத் தள்ளியதை மிகச் சிலரே பார்க்கிறார்கள். இரண்டையும் கார்பெந்தியர் எழுதுகிறார், ஒரே மூச்சில். அடிமைகள் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். தோட்ட முதலாளி தன் மனைவியிடம், தங்களில் ஒருவன் வெந்து சாவதைப் பார்த்துக்கூட இவர்களுக்கு இரக்கமில்லையே என்று தத்துவம் பேசுகிறான். முதலாளி கண்டது உண்மை, ஆனால் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அடிமைகள் கண்டது நடக்கவில்லை, ஆனால் அவர்களுக்கு எல்லாம் தெரியும். 1791இல் அந்தத் தீவில் அடிமைகள் எழுந்தார்கள். 1804இல் ஹெய்தி விடுதலை பெற்றது. மக்காந்தல் சாகவில்லை என்ற நம்பிக்கை அந்த எழுச்சியில் எந்த அளவுக்கு இருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். நாவலாசிரியனுக்கு, அந்தச் சதுக்கத்தில் இரண்டு ஜோடிக் கண்கள் இருந்தன என்பதே போதும்.

உங்கள் கதைகளில் ஒரு ஜோடிக் கண்கள்தான் இருக்கின்றன. என் பெரிய குறை அதுதான்.

மறுபடி மார்க்கேஸுக்கு வருகிறேன்; அவரிடம் சொல்ல வேண்டியது மிச்சம் இருக்கிறது. 1928 நவம்பரில் கொலம்பியாவின் கரீபியக் கடலோரத்தில் யுனைடெட் ஃப்ரூட் கம்பெனியின் வாழைத்தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டிசம்பர் 5 இரவும் 6ஆம் தேதி அதிகாலையுமாக, சியெனகா ரயில் நிலையத்தை ஒட்டிய சதுக்கத்தில் கூடியிருந்தவர்கள்மேல் ராணுவம் சுட்டது. தளபதி கோர்த்தேஸ் வர்காஸ் பிறகு ஒப்புக்கொண்டது 47 பேர். அமெரிக்கத் தூதர் வாஷிங்டனுக்கு அனுப்பிய செய்தியில் ஆயிரத்துக்கும் மேல். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மார்க்கேஸ் பிறந்த அராகடாகா அங்கிருந்து தூரமில்லை. அப்போது அவருக்கு ஒரு வயதும் சில மாதங்களும். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் இதைக் கேட்டு வளர்ந்தவர்.

நாவலில் அந்தக் காட்சியைப் படித்துப் பாருங்கள். அதில் மாயம் துளிகூட இல்லை. சதுக்கம், வெயில், தாமதமாகும் ரயில், அதிகாரியின் உத்தரவு, ஐந்து நிமிடக் கெடு, இயந்திரத் துப்பாக்கிகள். ஒரு குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருக்கும் தொழிலாளர் தலைவன் ஹோசே அர்க்காதியோ செகுந்தோ. மயக்கம் தெளிந்து பார்க்கும்போது, ஏறக்குறைய இருநூறு பெட்டிகள் கொண்ட ரயிலில் பிணங்களுக்கு நடுவே கிடக்கிறான். வாழைத்தார்களை அடுக்குவது போலப் பிணங்களை அடுக்கியிருக்கிறார்கள். கழித்த காயைப் போலக் கடலில் கொட்டப் போகிறார்கள். குதித்துத் தப்பி ஊருக்கு நடந்து வருகிறான். முதலில் தென்பட்ட வீட்டில் ஒரு பெண் காபி கொடுக்கிறாள். மூவாயிரம் பேர் இருப்பார்கள் என்கிறான். இங்கே யாரும் சாகவில்லையே என்கிறாள் அவள். வீடு வீடாக அதே பதில். அரசாங்க அறிக்கையும் அதையே சொல்கிறது: யாரும் சாகவில்லை, தொழிலாளர்கள் திருப்தியோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூடவே மழையும் பிடித்துக்கொள்கிறது. நான்கு வருடம், பதினொரு மாதம், இரண்டு நாள்.

பறந்துபோன பெண்ணை நம்பிய ஊர் இது. 12 சென்டிமீட்டர் எழும்பிய பாதிரியாரை நம்பிய ஊர். தன் கண்ணெதிரே நடந்த கொலையை நம்ப மறுக்கிறது. நாவலில் நான் மறுபடி மறுபடி போய் நிற்கும் இடம் இது. ரெமேதியோஸின் பறத்தலையும் இரத்தம் தெருத்தெருவாக நடந்து அம்மாவைத் தேடிப்போவதையும் முன்னூறு பக்கம் நம்பப் பழகிய வாசகனிடம், நம்ப வேண்டிய ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஊர் அதை மறுப்பதை மார்க்கேஸ் பார்க்க வைக்கிறார். மாயம் இல்லாமல் நேரடியாக எழுதியிருந்தால் இந்த மறுப்பின் கனம் இவ்வளவு தெரிந்திருக்காது. பிற்காலத்தில் தம் தன்வரலாற்றில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: படுகொலையின் ஒரு நினைவு நாளில் கொலம்பிய செனட்டில் ஒருவர், பெயர் தெரியாத மூவாயிரம் தியாகிகளுக்கு மௌன அஞ்சலி கேட்டாராம். கற்பனையில் பிறந்த எண், அரசு சொன்ன எண் இருந்த இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டது.

இதைச் சொல்லும்போது 1968 டிசம்பர் 25 நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். வசதியான நிலக்கிழார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்று உயர்நீதிமன்றம் காரணம் காட்டி, குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஆகவே வெண்மணியில் மாயத்தைச் சேருங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்க்கேஸே சியெனகாவில் சேர்க்கவில்லை என்றுதான் இவ்வளவு நேரம் சொன்னேன். எது நம்பத் தகுந்தது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இங்கேயும் இருக்கிறது. அதைத் தொடாத அதிசயம் வெறும் அலங்காரம்.

டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’ (1987) இதைத் தனி வழியில் செய்கிறது. 1856இல் கென்டக்கியிலிருந்து ஆற்றைத் தாண்டித் தப்பிவந்த மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், பிடிபடும் தறுவாயில் தன் குழந்தையை மறுபடி அடிமையாக்க விடாமல் கொன்றாள். அது செய்தித்தாளில் வந்த சம்பவம். நாவலில் கொல்லப்பட்ட குழந்தை முதலில் வீட்டை ஆட்டுகிறது, பிறகு இளம்பெண்ணாக வந்து சேர்கிறது. வீட்டை மாற்றிவிடலாமா என்று மருமகள் கேட்கும்போது மாமியார், செத்த கறுப்பர்களின் துயரம் கூரை முட்ட நிறைந்திராத வீடு இந்த நாட்டில் எங்கே இருக்கிறது என்பதுபோல் பதில் சொல்கிறாள். அவர்களுக்குப் பேய் பயமில்லை. அடிமை பிடிப்பவன்தான் பயம். ஆச்சியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் இந்த நாவலை அவசியம் படியுங்கள்.

தமிழில் இந்த எழுத்தின் வரலாறு ஒன்றும் நேற்றையது இல்லை. தமிழவனின் ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ 1985இல் வந்தது. கோணங்கியின் ‘கல்குதிரை’ மார்க்கேஸுக்குச் சிறப்பிதழ் போட்டது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, சென்னைத் தெருவில் சந்தித்த கடவுளைக் கூட்டிப்போய்க் காபி குடிக்க வைத்து, தன் பத்திரிகைக்குச் சந்தாவும் கேட்டுவிட்டார். பயப்படாத, வியக்காத அந்தப் பிள்ளைவாள் மகோந்தோவில் வீடு எடுத்துத் தங்கக்கூடியவர். அந்தக் கதையின் நோக்கம் அங்கதம், ஆகவே வகை வேறு என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மறுத்தால் சந்தோஷமாக வாதிடுவேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1996இல் சிலி நாட்டின் ஆல்பெர்த்தோ ஃபுகெத்தும் செர்ஹியோ கோமெஸும் ‘மக்ஓண்டோ’ (McOndo) என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தார்கள். மார்க்கேஸின் ஊர்ப் பெயரோடு மக்டொனால்ட்ஸையும் மக்கின்டோஷ் கணினியையும் கலந்து வைத்த பெயர் அது. லத்தீன் அமெரிக்க எழுத்தாளன் என்றாலே பறக்கும் பாட்டியை எதிர்பார்க்கும் வெளிநாட்டு ஆசிரியர்கள்மேல் அவர்களுக்கு வந்த கோபத்தில் பிறந்தது. எங்கள் ஊரில் நெடுஞ்சாலையும் வணிக வளாகமும் இருக்கின்றன, அதை எழுதினால் ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றார்கள். மாய யதார்த்தம் ஏற்றுமதிச் சரக்கான பிறகு அதன் பிறந்த மண்ணிலேயே இளையவர்களுக்கு மூச்சு முட்டியது. அந்தச் சுமையை யாரும் உங்கள் தலையில் வைக்காதபோது நீங்களாகத் தூக்கிக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நேர்கோட்டு யதார்த்தக் கதையை எங்கள் இதழ் ஒருபோதும் தாழ்வாகக் கருதியதில்லை.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். தலைப்புக்குக் கீழே வகையின் பெயரை எழுதாதீர்கள். பட்டாம்பூச்சிகளைக் கொலம்பியாவிலேயே விட்டுவிடுங்கள். கதையில் அதிசயம் நடக்கும் பத்தியை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். கதை அப்படியே நின்றால் அந்த அதிசயம் அங்கே தேவைப்படவில்லை. முக்கியமாக, உங்கள் ஊரில் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள்: இங்கே நடந்ததில் எது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை? எதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள், தாலுகா ஆபீஸ் நடக்கவில்லை என்றது? கிணறு தூர்ந்தது, ஏரி வீட்டுமனையானது, ஓடிப்போனதாகச் சொல்லப்பட்ட பெண், சாமியாகிவிட்டதாகச் சொல்லப்பட்ட பெண். அவர்கள் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். அவர்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் எதைச் சொல்கிறார்களோ அதைக் கவனியுங்கள். மார்க்கேஸ் தம் பாட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த முகத்தைத்தான். தாம் எழுதியதில் நிஜத்தில் கால் ஊன்றாத ஒரு வரிகூடக் கிடையாது என்று அவர் கடைசிவரை சாதித்தார்.

எழுதி அனுப்புங்கள். முன்பு திருப்பி அனுப்பிய கதைகளையும் மாற்றி எழுதி அனுப்பலாம், மறுபடி படிப்போம்.

அன்புடன்,
உங்கள் கதைகளைப் படிக்கிறவர்களில் ஒருவன்